ஏஜென்ட் காட்டும் போட்டோவும் பாப்பாவின் தண்ணீர் பாட்டிலும்

தர்மபுரி மாவட்டத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். கடிதம் நீளம், சாரத்தை மட்டும் தருகிறேன்.

"ஐயா, என் மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு, தமிழ் வழி. போன வருடம் வரை கணக்கில் எண்பதுக்குக் குறைந்ததில்லை. இந்தக் காலாண்டில் 41. இரண்டு செக்‌ஷனை ஒன்றாக்கி 58 பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள், இவளுக்குக் கடைசி பெஞ்ச். சாயங்காலம் தலைவலியோடு வருகிறாள். காலையில் கொடுத்துவிடும் தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு ஒரு பள்ளி இருக்கிறது, வருடத்துக்கு 1,60,000, அடுத்த வருடம் எட்டாம் வகுப்பில் சேர்க்க என்ட்ரன்ஸ் உண்டு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன், முன்பணம் 25,000 கொடுங்கள் என்கிறார். என் மச்சான், டவுனில் உள்ள உதவி பெறும் பள்ளியே போதும், அதுவும் கவர்மென்ட் மாதிரிதான் என்கிறார். சூழல் சரியில்லை என்றால் படிப்பு வராது என்று எல்லாரும் சொல்கிறார்கள். மாற்றலாமா?"

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். அந்த ஆள் மூலமாக எப்போதுமே வேண்டாம்.

பள்ளிச் சூழல் என்றதும் நமக்குக் கட்டடமும் ஸ்மார்ட் போர்டும் நீச்சல் குளமும்தான் ஞாபகம் வருகிறது, ஏஜென்ட்டின் போனில் இருக்கும் போட்டோ எல்லாம் அதுதான். லண்டனில் மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவர் தன் குழுவோடு 12 உயர்நிலைப் பள்ளிகளை வருடக்கணக்கில் கவனித்து 1979இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு பள்ளியில் நன்றாகத் தேறுகிறார்கள், இன்னொன்றில் தேறவில்லை, ஏன் என்பதுதான் கேள்வி. கட்டடம் புதுசா பழசா, பள்ளி பெரிசா சின்னதா என்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாடம் நேரத்துக்கு ஆரம்பிக்கிறதா, வீட்டுப்பாடம் கொடுத்து அதைத் திருத்துகிறார்களா, நன்றாகச் செய்தால் பாராட்டுகிறார்களா, பிள்ளைகளை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுக்கிறார்களா, இதில்தான் தெரிந்தது. முப்பது வருடம் வகுப்பறையில் நின்ற எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆகவே முதலில் பாப்பாவின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் மதிப்பெண்ணை விட என்னை உறுத்தியது அந்தத் தண்ணீர் பாட்டில்.

நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மத்தியானத்துக்கு மேல் மேசையில் தலை வைத்துப் படுத்துவிடுவாள். நானே இரண்டு முறை திட்டியிருக்கிறேன். அப்புறம் தமிழாசிரியை ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், அந்தப் பிள்ளை காலையிலிருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்லை, குடிச்சா பாத்ரூம் போகணும், அங்க கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை" என்றார். போய்ப் பார்த்தேன். இரண்டு கதவில் ஒன்றுக்குத் தாழ்ப்பாளே இல்லை, இன்னொன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். குழாயில் காற்றுதான் வந்தது. நான் அந்தப் பள்ளிக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, ஒரு நாள் கூடக் கட்டடத்துக்குப் பின்னால் நடந்து போனதில்லை. ஹார்டுவேர் கடையில் இரண்டு தாழ்ப்பாள் வாங்கி வந்து அன்றைக்கே போட்டோம். அவள் மட்டும் இல்லை, அந்த வகுப்பில் பாதிப் பெண்கள் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத பிள்ளைக்குத் தலை வலிக்கும், கவனம் நிற்காது, நீர்க்கடுப்பு வரும். மாதவிலக்கு தொடங்கும் வயது வேறு, இதையெல்லாம் அப்பாவிடம் சொல்ல மாட்டாள். அவள் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். "ஏன் குடிக்கலை" என்று அதட்டாமல், பாத்ரூம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் போதும்.

அடுத்தது அந்தக் கடைசி பெஞ்ச். பத்தடி தள்ளி மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரில் பெரிய தேதி சரி, அதற்குக் கீழே உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணைச் சுருக்கினாலோ, நோட்டில் கணக்குகள் பாதியில் நின்றிருந்தாலோ, போர்டு தெரியாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள் என்று அர்த்தம். அரசு மருத்துவமனையில் கண்ணைக் காட்டிவிடுங்கள், காசு இல்லை. தலைவலிக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

மூன்றாவதாக அவளுடைய கணக்கு நோட்டை எடுத்துத் தேதிகளை எண்ணுங்கள். ஜூலையில் எத்தனை நாள் பாடம் நடந்திருக்கிறது, ஆகஸ்டில் எத்தனை நாள், கடைசியாகச் சிவப்பு மை எப்போது விழுந்தது. வாரத்தில் இரண்டு நாள்தான் தேதி இருக்கிறது என்றால் உங்கள் பெண்ணிடம் குறை இல்லை, கணக்கு ஆசிரியர் மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போகிறார், அல்லது பணியிடம் காலி, அல்லது ஆள் பள்ளியில் இருந்தும் எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் விவரம் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு செக்‌ஷனை ஒன்றாக்கியதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது, உங்கள் வகுப்பில் 58. அதே சட்டத்தின் 27ஆவது பிரிவு ஆசிரியரைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்றும் சொல்கிறது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர. அந்த மூன்று ஓட்டையில் யானையே நுழைந்து போகும். போதாததற்கு வாட்ஸ்அப்பில் "இன்று மாலைக்குள்" என்று வரும் படிவங்கள். நான் ஓய்வு பெறும் வருடம் பாடம் நடத்தியதை விட போட்டோ எடுத்து அனுப்பியதுதான் அதிகம். சரி, அதைப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

இப்போது ஏஜென்ட். அவர் சொன்னதில் இரண்டு விஷயம் நேரடியாகவே சட்டவிரோதம். எட்டாம் வகுப்பு வரை எந்தப் பள்ளியும் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கக் கூடாது, முதல் தடவைக்கு 25,000 வரை அபராதம், அப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் 50,000. முன்பணம் என்ற பெயரில் நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை. இல்லாத என்ட்ரன்ஸை இருப்பதாகச் சொல்லி, அதை "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது இவர்களுடைய பழைய வித்தை. 25,000 ரூபாய்க்குப் பள்ளியின் பெயரில் ரசீது கேட்டுப் பாருங்கள், கிடைக்காது. அடுத்து ஒரிஜினல் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்வார்கள். பிள்ளை இரண்டு மாதத்தில் அழுதுகொண்டு திரும்பி வர நினைத்தால், வருட ஃபீஸ் முழுவதையும் கட்டினால்தான் டிசி என்பார்கள். இது செல்லாது. கட்டணத்தை வசூலிக்க மாற்றுச் சான்றிதழைக் கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு விடுதி வாசலில் நிற்கப்போவது நீங்கள்தான், ஏஜென்ட் இல்லை, அவர் கமிஷனோடு போயிருப்பார்.

அந்த மாதிரிப் பள்ளிகளில் என்ன நடக்கும் என்பதும் ஊரறிந்ததுதான், பிராய்லர் பள்ளி என்று சும்மா பெயர் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் பத்தாம் வகுப்புப் பாடம், பதினொன்றில் பன்னிரண்டு. இதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது, 2025-26இலிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள். பழையபடி ஆகாது என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

இன்னொன்று, அவர் உங்களிடம் சொல்லவே சொல்லாதது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தொடர்ந்து படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020இல் வந்தது, அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, சட்டத்துக்கும் நீட்டினார்கள். உங்கள் பெண் அதில் இரண்டாவது வருடத்தில் இருக்கிறாள். எட்டாம் வகுப்பைக் காசு கொடுத்துத் தனியாரில் படித்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும், ஒன்பதில் திரும்பி வந்தாலும் ஒட்டாது. ஆங்கில வழிக்குப் போனால், ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 சதவீத முன்னுரிமையும் போச்சு.

உங்கள் மச்சான் சொன்னதற்கு வருகிறேன், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உதவி பெறும் பள்ளி அரசுப் பள்ளி இல்லை. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கும், புத்தகம் இலவசம், சத்துணவும் உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். ஆனால் நிர்வாகம் தனியார். 7.5க்கு அரசுப் பள்ளி என்றால் அரசுப் பள்ளி, மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறை என்று அரசே நடத்தும் பள்ளிகள் மட்டும்தான், உதவி பெறுவது அதில் வராது. குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியபோது அரசுப் பள்ளிக்கு மட்டும் இருந்தது, 2024 கடைசியில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்தார்கள். உடனே "இப்ப எல்லாம் ஒன்னுதான்" என்று ஊரில் பேச்சு. ஆயிரம் ரூபாய்க்கு ஒன்றுதான், மெடிக்கல் சீட்டுக்கு ஒன்றில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நீட்டும் எழுதி, கவுன்சலிங் நேரத்தில் இதைத் தெரிந்துகொண்டு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுத குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பெண் ஆறிலும் ஏழிலும் மட்டும் உதவி பெறும் பள்ளி, மற்றதெல்லாம் அரசுப் பள்ளி. உங்கள் மச்சானுக்கு இதை இரண்டு முறை படித்துக் காட்டுங்கள்.

என்ன செய்யலாம்? திங்கட்கிழமை போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள், சண்டைக்குப் போகாதீர்கள். பெஞ்சை வாரம் ஒருமுறை சுழற்சியில் மாற்றச் சொல்லுங்கள், இது அவர் கையிலேயே இருக்கிறது, மேலிடத்து அனுமதி வேண்டாம். கழிப்பறையையும் ஆசிரியர் விஷயத்தையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள், ஆனால் நிறைய ஊரில் கையெழுத்து மட்டும் வீட்டுக்கு வந்து போகிறது. தீர்மானம் எழுதி, அதன் நகலோடு முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு. அசையவில்லை என்றால் திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம், அங்கே மனுவுக்கு ரசீது தருவார்கள், பத்திரமாக வையுங்கள். பள்ளிக் கல்வி உதவி எண் 14417க்கும் போன் செய்யலாம். தலைமையாசிரியர்கள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வார்கள் என்று பயப்படாதீர்கள். பெற்றோர் தீர்மானம் ஒன்று கையில் இருந்தால் மேலே பேச எங்களுக்கும் கொஞ்சம் தைரியம் வரும்.

அரையாண்டு வரை பாருங்கள். அதற்கும் கணக்கு ஆசிரியர் வரவில்லை, வகுப்பு பிரியவில்லை என்றால் மாற்றலாம், ஆனால் பக்கத்தில் உள்ள இன்னொரு அரசுப் பள்ளிக்கு, பெண்கள் மேல்நிலைப் பள்ளி இருந்தால் இன்னும் நல்லது. 7.5க்குச் சேதம் இல்லை. அடுத்த வருடம் எட்டாம் வகுப்பில் மத்திய அரசு உதவித்தொகைக்கான என்எம்எம்எஸ் தேர்வு எழுத வையுங்கள், தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 உதவித்தொகை. ஹாஸ்டல்தான் வேண்டும் என்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாவட்டத்துக்கு ஒரு அரசு மாதிரிப் பள்ளி இருக்கிறது, தங்குமிடம் சாப்பாட்டோடு இலவசம். அதில் கமிஷன் கிடையாது, அதனால் உங்கள் ஏஜென்ட்டுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது.

அவர் மறுபடி போன் செய்தால் ரசீதைப் பற்றி மட்டும் கேளுங்கள். பாப்பா பாட்டிலைக் காலி செய்துகொண்டு வர ஆரம்பித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.