பழைய 10 மெகாஹெர்ட்ஸ் ஓசிஎக்ஸ்ஓ (சூடு மாறாத சிறு அடுப்புக்குள் குவார்ட்ஸ் படிகத்தை வைத்து, சீரான அதிர்வெண் தரும் ஆஸிலேட்டர்) ஒன்று வாங்கினேன். அதிர்வெண்ணை அளக்கும் கவுன்ட்டரில் எண் அசையவே இல்லை. ஸ்டேபிளாக இருக்கிறது என்று நம்பலாமா?

நம்ப வேண்டாம். உங்கள் கவுன்ட்டர் எட்டு இலக்கம் காட்டுகிறது என்றால் கடைசி இலக்கம் 1 ஹெர்ட்ஸ், அதாவது கோடியில் ஒரு பங்கு. ஒழுங்கான ஓசிஎக்ஸ்ஓ அதைவிட ஆயிரம் மடங்கு நுணுக்கமாக நிற்கும். அந்த அசைவைப் பார்க்கும் கண் உங்கள் கவுன்ட்டருக்கு இல்லை, அவ்வளவுதான். போதாததற்கு, கவுன்ட்டருக்குள் இருப்பதும் ஒரு குவார்ட்ஸ் படிகமே. எது எதை அளக்கிறது?

பழைய டெலிகாம் போர்டில் கழற்றியதாகத்தான் இருக்கும், வீட்டில் ஒப்பிட ரூபிடியம் அணுக் கடிகாரமும் இருக்காது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் ஒரு காலிபரேஷன் லேபில் வேலை பார்த்தவன். அங்கே ஒரே ரேக்கில் இருந்த இரண்டு ஓசிஎக்ஸ்ஓக்களை இரவு முழுக்க ஒன்றோடொன்று ஒப்பிட்டோம். கிராஃப் கோடு போட்ட மாதிரி வந்தது. எல்லோருக்கும் திருப்தி, எனக்கு மட்டும் இல்லை. ஒன்றை எடுத்துத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து மறுபடி ஓடவிட்டேன். இப்போது கிராஃபில் அலை அலையாக வந்தது. ஏசி கம்ப்ரஸர் ஓடி நிற்கும் நேரத்தோடு அந்த அலை அப்படியே பொருந்தியது. அறைச் சூட்டுக்கு இரண்டும் சேர்ந்தே ஆடியிருக்கின்றன. கழித்துப் பார்த்ததில் ஆட்டம் மறைந்துவிட்டது. (பெட்டிக்குள் வைத்தால் உள்ளிருக்கும் அடுப்பு சூட்டுக் கட்டுப்பாட்டை இழக்குமே என்று யாராவது வருவார்கள். தெரியும். காற்றுப் போக இடைவெளி விட்டுத்தான் வைத்தேன்.)

அப்புறம் மூன்றாவதாக ஒரு ரூபிடியத்தைச் சேர்த்தோம். மூன்று ஜோடிகளாக ஒப்பிட்டால் ஒவ்வொன்றின் தனி ஆட்டத்தையும் கணக்கிட்டு எடுக்கலாம். மூன்றும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால் மட்டும்தான் இது சரிவரும். இல்லையென்றால், மைனஸாக இருக்கவே முடியாத வேரியன்ஸ் (ஆட்டத்தின் அளவு) மைனஸில்கூட வரும்.

இதற்கு மேலதிகாரி சொன்னது: "முதல்ல வந்த கிராஃபே நல்லா இருந்துச்சே." இன்றும் எனக்கு ஆறவில்லை. ஆடிட்டுக்கு வருபவர்களும் ஸ்டிக்கரில் தேதியைத்தான் பார்ப்பார்கள். காலிபரேஷன் சான்றிதழில் இருப்பது அன்றைய அதிர்வெண் பிழை மட்டும். நிலைத்தன்மை பற்றி ஒரு வரி இருக்காது. கரன்ட் மிச்சம் என்று சனிக்கிழமை மெயினை அணைத்துவிட்டுப் போவார்கள். குவார்ட்ஸை அணைத்துப் போட்டால் பழைய அதிர்வெண்ணுக்கு அப்படியே திரும்பி வராது. திங்கட்கிழமை அந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு?

சரி, உங்கள் விஷயம். ஓரிரு வாரம் அணைக்காமல் ஓடவிடுங்கள். பிறகு அதன் 10 மெகாஹெர்ட்ஸை நொடிக்கு ஒரு பல்ஸாகப் பிரித்து, ஜிபிஎஸ் ரிசீவரின் ஒரு நொடிப் பல்ஸோடு உள்ள நேர வித்தியாசத்தைப் பதிவு செய்யுங்கள். ஜிபிஎஸ் பல்ஸ் பல நானோநொடி ஆடும் என்பதால் சில நிமிட அளவீடு உதவாது. ஒரு நாள் முழுக்க ஓடவிட்டால், ஆயிரம் கோடியில் ஒரு பங்கு பிழைகூட 8.64 மைக்ரோநொடியாகச் சேர்ந்து கண்ணில் படும். ஒரு நொடி, பத்து நொடி அளவில் நிலைத்தன்மை தெரிய வேண்டுமென்றால், இன்னொரு நல்ல ஆஸிலேட்டர் கைவசம் இல்லாமல் முடியாது.

கணக்குக்குச் சாதாரண ஸ்டாண்டர்ட் டீவியேஷன் போடாதீர்கள். அதிர்வெண் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும்போது, அளக்க அளக்க அது ஏறிக்கொண்டே போகும். இதற்காகத்தான் டேவிட் ஆலன் 1966-இல் அடுத்தடுத்த சராசரிகளின் வித்தியாசத்தை வைத்து ஓர் அளவைக் கொடுத்தார். ஆலன் டீவியேஷன் என்பது அதுதான். பக்கத்திலேயே அறை வெப்பநிலையையும் பதிவு செய்யுங்கள். அளந்து முடியும்வரை ஓசிஎக்ஸ்ஓவைப் புரட்டி வைக்காதீர்கள். தலைகீழாக்கினாலே புவியீர்ப்பு படிகத்தை இழுக்கும் திசை மாறி, நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்கு அதிர்வெண் நகர்ந்துவிடும்.