கேத்தல் கொதிக்கும்போது உடைவது எது? – கேள்வி பதில்

உயர்தர இரசாயனவியலில் அணுக் கட்டமைப்பு, பிணைப்பு இரண்டிலும் விளங்காததைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

அட்டன் மாணவி: டீச்சர், புரோத்தன் எல்லாம் நேரேற்றம். ஒன்றையொன்று தள்ளினால், அவை இருக்கும் அணுக்கரு எப்படிச் சிதறாமல் இருக்கிறது?

தள்ளத்தான் செய்கின்றன, தங்கச்சி. அதைவிடப் பலமான கருவிசை இழுத்துப் பிடிக்கிறது. ஆனால் அதன் கை ரொம்பக் குட்டை. ஒரு மில்லிமீற்றரை இலட்சம் கோடி பங்காக வெட்டினால், அதில் இரண்டு மூன்று பங்கு தூரம்தான் எட்டும். கருவில் கூடவே இருக்கும் நியூத்திரனுக்கு ஏற்றம் இல்லாததால் அது தள்ளாமல் இழுப்புக்கு மட்டும் உதவும். அதனால்தான் பெரிய கருக்களில் நியூத்திரன் கூடுதல்: ஈயம்-208 இல் புரோத்தன் 82, நியூத்திரன் 126. பரீட்சைக்கு இவ்வளவு தேவைப்படாது, கேட்டதால் சொன்னேன்.

நுவரெலியா மாணவன்: நீராவியில் ஐதரசனும் ஒட்சிசனும் தனித்தனியாக இருக்கும் என்று எழுதினேன், பிழை போட்டுவிட்டார்கள். கொதித்தால் பிணைப்பு உடையும்தானே?

தம்பி, இந்தப் பிழையைத்தான் வருடா வருடம் திருத்துகிறேன். நீங்கள் எழுதியது சரியென்றால் விறகடுப்பில் கேத்தலே வைக்க முடியாது. ஐதரசனும் ஒட்சிசனும் கலந்து வந்து நெருப்பில் பட்டால் வெடிக்கும். தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைத்து யாருடைய லயக் கூரையும் பறந்ததில்லை.

நீர் மூலக்கூற்றுக்குள் ஒட்சிசனையும் ஐதரசனையும் கட்டியிருப்பது, இலத்திரன்களைப் பகிர்ந்துகொள்ளும் பங்கீட்டுப் பிணைப்பு. அதை உடைக்க மூலுக்கு (துகள்களை எண்ணும் அலகு) ஏறத்தாழ 460 கிலோயூல் வேண்டும். ஒரு மூலக்கூற்றுக்கும் பக்கத்து மூலக்கூற்றுக்கும் இடையில் இருப்பது ஐதரசன் பிணைப்பு. அதற்கு 20 கிலோயூல் அளவு போதும். கொதிக்கும்போது விடுபடுவது இந்த இரண்டாவதுதான். மூலக்கூறு முழுசாகவே வெளியேறுகிறது. குழப்பமெல்லாம் பெயரால் வருவது. 'பிணைப்பு' என்று சொன்னாலும் அது மூலக்கூற்றிடை விசை. ஆனால் லேசாக நினைக்க வேண்டாம். ஐதரசன் சல்பைட்டு நீரைவிடப் பாரமான மூலக்கூறு, ஐதரசன் பிணைப்பு என்று சொல்லுமளவுக்கு அதில் இல்லை. −60 பாகையிலேயே கொதித்துவிடும்.

அதே மாணவன்: அப்படியானால் எங்கள் ஊரில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதிப்பது, ஐதரசன் பிணைப்பு இங்கே பலவீனம் என்பதாலா?

இல்லை, பிணைப்பு எங்கேயும் அதேதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் வளிமண்டல அமுக்கம் குறைவு. நீராவி வெளியே தள்ளும் அமுக்கமான ஆவியமுக்கம் அதற்குச் சமமானதும், 94 பாகை அளவிலேயே, கொதி வந்துவிடும். பருப்பு வேக நேரமெடுப்பதும் இதனால்தான்.

மஸ்கெலியா, ஒரு தகப்பன்: மகள் இலத்திரன் என்கிறாள், இந்தியப் புத்தகத்தில் எலக்ட்ரான் என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான், ஐயா. ஒட்சிசன், ஆக்சிஜன் மாதிரி. பரீட்சையில் நம் பாடநூல் சொல்லையே எழுதட்டும்.

பண்டாரவளை மாணவி: ஈலியத்துக்கு ஏற்றமும் இல்லை, முனைவும் (ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் என்ற பிரிவு) இல்லை. அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு திரவமாகிறது?

இலத்திரன் முகில் அசையாமல் நிற்பதில்லை. ஒரு கணம் ஒரு பக்கம் கூடும், அதைப் பார்த்துப் பக்கத்து அணுவின் முகிலும் சரியும். அந்தக் கண நேர இழுப்புக்குத்தான் இலண்டன் விசை என்று பெயர். ஈலியத்தில் இரண்டே இலத்திரன், இழுப்பும் மெலிது. −269 பாகைக்குக் குளிர்ந்தால்தான் திரவமாகும். ஈலியம் போன்ற இன்னொரு வாயுவான, 54 இலத்திரன் உள்ள செனனுக்கு −108 போதும்.