பபுள் சிபாப்பில் குமிழி நின்றால்

பபுள் சிபாப்பில், அதாவது மூக்குவழியே லேசான அழுத்தத்தில் காற்று கொடுத்துக் குழந்தை மூச்சுவிட உதவும் கருவியில், காற்று வெளியேறும் குழாயின் முனை தண்ணீருக்குள் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தும் குமிழி வரவில்லை, ஆக்சிஜன் ஓட்டத்தைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் காற்று வேறெங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். முதலில் குழந்தையின் மூக்கைப் பாருங்கள், திருடன் அநேகமாக அங்கேதான் இருப்பான். மூக்குக்குழாய் சிறிய அளவாக இருந்தால் ஓரமாகக் காற்று போய்விடும். வாய் திறந்திருந்தாலும் அப்படித்தான். தாடையை மெல்ல மூடிப் பிடியுங்கள், குமிழி திரும்பினால் விஷயம் தெரிந்துவிட்டது. அப்புறம் ஈரப்பதப் பாத்திரத்தின் மூடி, குழாய் இணைப்புகள். எல்லாம் சரியென்றால் மட்டும் டாக்டரிடம் சொல்லி ஓட்டத்தைக் கூட்டுங்கள்.

ஒன்று, கசிவை அடைக்க மூக்குக்குழாயை உள்ளே அழுத்தாதீர்கள். மூக்கின் நடுத்தண்டு புண்ணாகிவிடும், அதற்கும் குழாய்க்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளியாவது இருக்கட்டும். இவ்வளவும் பார்க்கும்போது ஒரு கண் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரில் இருக்கட்டும். குறைமாதக் குழந்தைக்கு 100 சதவீதம் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், 90 முதல் 95 போதும். ஆக்சிஜன் மிஞ்சினால் விழித்திரை கெடும்.