ஒரே மாதத்தில் வாக்ஸ் போய்விட்டதா?

வணக்கம் நண்பரே. போன மாதம் காருக்கு வாக்ஸ் (பெயிண்டைக் காக்கும் மெழுகுப் பூச்சு) போட்டும், இப்போது தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் தகடாகப் பரவுகிறது, வாரா வாரம் பாத்திரம் கழுவும் திரவத்தில்தான் கழுவுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சந்தேகம் அந்தத் திரவத்தின் மேல்தான். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே செய்தது அது. வாக்ஸும் அதற்கு ஒரு பிசுக்குதான். பிஹெச் நடுநிலையான, அதாவது அமிலமும் காரமும் இல்லாத, கார் ஷாம்பூ வாங்குங்கள், பாட்டிலில் சொன்ன அளவு போதும்.

முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கிவிடுங்கள். அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே வாருங்கள், சக்கரத்துக்குத் தனித் துணி. பழைய பனியன் வேண்டாம், மைக்ரோஃபைபர்தான்.

போர் தண்ணீரா? அப்படியென்றால் வெயிலில் கழுவவே கழுவாதீர்கள். காய்ந்தால் உப்புத் திட்டு படியும். அதைத் தேய்த்து எடுக்கும்போது வாக்ஸும் போகும். நான் காலை 6 மணிக்கே முடித்துவிடுவேன், பக்கத்து வீட்டு நாய்தான் கொஞ்சம் குரைக்கும்.

சில சமயம் வாக்ஸ் இருந்தும் அழுக்குப் படலம் அதை மறைத்திருக்கும். ஷாம்பூவில் ஒருமுறை கழுவிப் பாருங்கள். அப்போதும் முத்து வரவில்லை என்றால், சரி, மறுபடி ஒரு கோட் போட வேண்டியதுதான்.