சீனர்களுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் குறைவு என்கிறார்களே, மாமனாருக்கு வந்திருந்தால் என் கணவருக்கும் வருமா?

நீங்களும் என்னைப் போல சீனக் குடும்பத்துக்கு மருமகளாகப் போனவர் என்று தெரிகிறது. வந்தே தீரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்தால் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

‘சீனர்களுக்குக் குறைவு’ என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐரோப்பியர்களோடு ஒப்பிட்டால் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் குடியேறிய சீனர்களிடம் சீனாவில் இருப்பவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. அங்கே சோதனை அதிகம் என்பதும் ஒரு காரணம், சரி. இங்கே சிங்கப்பூரிலும் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது முன்வரிசையில் நிற்கிறது.

என் மாமனார் ராத்திரியெல்லாம் கழிப்பறைக்கு எழுந்து போவார். மருந்தகத்தில் வயசுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அறிகுறி காட்டும் பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனையைச் செய்வதற்குள் நோய் எலும்புவரை பரவிவிட்டிருந்தது. அப்புறம் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனதெல்லாம் நான்தான். அவருடைய கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம், “நீங்கள் பணிப்பெண்ணா?” என்று கேட்டார்கள். என் நிறத்தைப் பார்த்து வந்த கேள்வி அது. இன்னும் ஆறவில்லை.

சீனப் புத்தாண்டு விருந்தில் கணவரின் அண்ணன், எச்சில் அனுப்பி வாங்கிய மரபணு அறிக்கையைக் காட்டி “எனக்கு ஒன்றுமில்லை” என்றார். வாங்கிப் படித்தேன். புரோஸ்டேட் புற்றுநோய் ஆபத்தோடு தொடர்புடைய எச்.ஓ.எக்ஸ்.பி.13 மரபணுவில், ஆபத்தைக் கூட்டும் ஜி84இ என்ற மாற்றம் இல்லை என்று இருந்தது. அது 2012இல் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கண்டறியப்பட்ட மாற்றம். சீனர்களிடம் தேடினால் எப்படி இருக்கும்? சீன நோயாளிகளிடம் அதே மரபணுவில் ஜி135இ என்ற வேறொன்று தென்பட்டிருக்கிறது. சீன ஆண்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வில், 9, 19 ஆகிய குரோமோசோம்களில் ஆபத்தைக் கூட்டும் இரண்டு இடங்கள் அதே 2012இல் வெளிவந்தன. ஒவ்வொன்றும் கூட்டுவது கொஞ்சம்தான். பல சேரும்போதுதான் கணக்கு ஏறும்.

நான் மருத்துவர் இல்லை, “கூகுள் டாக்டர்” என்று சண்டைக்கு வராதீர்கள். இதையெல்லாம் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். உங்கள் கணவர் பி.எஸ்.ஏ. சோதனையை எந்த வயதில் தொடங்கலாம் என்று கேளுங்கள். குடும்பத்தில் இருந்தால் ஐம்பது வரை காத்திருக்கச் சொல்லமாட்டார்கள். கூடவே, அவர் வீட்டுப் பெண்கள் யாருக்காவது மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்ததா என்று விசாரித்துச் சொல்லுங்கள். அந்தப் புற்றுநோய்களோடு புரோஸ்டேட் புற்றுநோய் ஆபத்தையும் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக் கோளாறு அம்மா வழியாகவும் மகனுக்கு வரும்.