சோதனையில் இல்லை என்றால் உடலில் இல்லையா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பள்ளிக் கழிப்பறையில் வேப் (மின்சிகரெட்) இழுத்தபின் வாந்தி எடுத்து மயங்கி விழுந்திருக்கிறான். நண்பன் கொடுத்த பழச்சுவை வேப் என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்கிறான். மருந்துக்கடையில் வாங்கிய சிறுநீர்ச் சோதனை அட்டையில் ‘கஞ்சா இல்லை’ என்றே வந்தது. நான் நிம்மதியாக இருக்கலாமா?
– ஒரு தாய், லண்டன்

பதில்: சகோதரி, அந்த அட்டையை நம்பி இந்த விஷயத்தை முடித்துவிட வேண்டாம். கஞ்சாவில் உள்ள, போதை தரும் பொருளான டி.எச்.சி. உடலில் சிதைந்து சிறுநீரில் எந்த வடிவில் வெளியேறுகிறதோ, அந்த வடிவத்தை அடையாளம் காண்பதற்காகவே அந்த அட்டை தயாரிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் ‘ஸ்பைஸ்’ என்று அழைக்கப்படும் செயற்கைக் கனாபினாய்டுகள் (கஞ்சாவைப் போல் செயல்படும்படி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட வேதிப்பொருள்கள்), டி.எச்.சி. மூளையில் பற்றும் அதே ஏற்பிகளைப் (உயிரணுக்களில் வேதிப்பொருள்கள் வந்து ஒட்டும் இடங்களைப்) பற்றினாலும், மூலக்கூறின் அமைப்பில் முற்றிலும் வேறானவை என்பதால், அட்டையின் கண்ணில் படுவதே இல்லை. டி.எச்.சி. அந்த ஏற்பிகளை ஓரளவுக்கே தூண்டும். இவற்றில் பலவும் முழு வேகத்தில் தூண்டிவிடும். நாலைந்து இழுப்பிலேயே ஒரு பிள்ளை சுருண்டு விழுவதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஜான் ஹஃப்மன் ஆராய்ச்சிக்கென்று உருவாக்கிய இத்தகைய சேர்மங்களில் ஒன்றான ஜே.டபிள்யூ.எச்.-018, ‘ஸ்பைஸ்’ என்ற பெயரில் விற்கப்பட்ட மூலிகைப் பொட்டலங்களில் தெளிக்கப்பட்டிருந்ததை 2008ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். அன்றுமுதல், ஒன்றைத் தடைசெய்தால் அதன் அமைப்பில் சிறிது மாற்றிய இன்னொன்று சந்தைக்கு வருவதும், ஆய்வகங்கள் அதன் பின்னால் ஓடுவதுமாகவே இருக்கிறது. ‘ஸ்பைஸ் சோதனை’ என்று பெயரிட்டு விற்கப்படும் அட்டைகள்கூடப் பழைய சேர்மங்கள் சிலவற்றை மட்டுமே தேடுபவை. புதியவற்றை அவை தவறவிட்டுவிடும். உறுதியாகச் சொல்ல நிறை நிறமாலைமானி (மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு அடையாளம் காணும் கருவி) உள்ள ஆய்வகம் வேண்டும். அங்கேயும் பெரும்பாலும் எந்தச் சேர்மத்தைத் தேடுகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் சிறுநீரில் அதன் சிதைவுப் பொருள் அகப்படும்.

ஆகவே, பையனைச் சோதிப்பதைவிட அவன் இழுத்த வேப்பைச் சோதிப்பதே மேல் என்பது என் கருத்து. பாத் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கிறிஸ்டோபர் பட்னி தலைமையிலான குழுவினர், இங்கிலாந்தின் 38 பள்ளிகளில் மாணவர்களிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட ஏறக்குறைய 600 வேப்களைச் சோதித்து 2024இல் வெளியிட்ட முடிவின்படி, ஆறில் ஒன்றில் ஸ்பைஸ் இருந்தது, உண்மையான டி.எச்.சி. இருந்தவையோ மிகச் சொற்பம். டி.எச்.சி. பிசின் போன்றது, வேப் திரவத்தில் எளிதில் கரையாது, விலையும் அதிகம். ஸ்பைஸ் மலிவு, எளிதில் கரைந்துவிடும். கஞ்சா என்று நினைத்து வாங்கும் பிள்ளைகளின் கைக்கு அதுதான் போய்ச் சேருகிறது. ‘வேறு எதுவும் தெரியாது’ என்று உங்கள் மகன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

அந்த வேப் பள்ளியிடம் இருந்தால், அதை எறிந்துவிடாமல் சோதனைக்கு அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். வேல்ஸின் பொதுச் சுகாதாரத் துறை நடத்தும் ‘வெடினாஸ்’ என்ற ஆய்வகம், பெயர் குறிப்பிடாமல் தபாலில் வரும் மாதிரிகளைச் சோதித்து முடிவை இணையத்தில் வெளியிடுகிறது. மகனுக்குத் தெரியாமல் சிறுநீரைச் சேகரிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அது அவனுக்குத் தெரியவரும் நாளில், அடுத்த முறை உடம்பு சரியில்லாமல் போனாலும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டான். அந்த இழப்பை எந்த ஆய்வக முடிவாலும் ஈடுகட்ட முடியாது. அவனையே அழைத்துக்கொண்டு குடும்ப மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: மாணவர்கள் ஸ்பைஸ் கலந்த வேப்பை இழுத்திருப்பதை எப்படி அடையாளம் காண்பது? கஞ்சா வாடை வருமா?
– ஓர் ஆசிரியை, லண்டன்

பதில்: வாடையை எதிர்பார்க்காதீர்கள், பழச்சுவைத் திரவத்தில் கலந்திருப்பதில் கஞ்சா வாடை இருக்காது. நேரத்தைக் கவனியுங்கள். கழிப்பறைக்கு நன்றாகப் போன மாணவன் சில நிமிடங்களில் வெளிறிப்போய், பேச்சுக் குழறி, நின்ற இடத்திலேயே உறைந்தவன்போல் நிற்பதும், நெஞ்சு படபடப்பதாகச் சொல்வதும், காரணமில்லாமல் பயந்து நடுங்குவதும், அரைமணி நேரத்திலோ ஒரு மணி நேரத்திலோ ஓரளவு தெளிந்துவிடுவதும் சந்தேகத்துக்கு இடமளிக்கும். வழக்கமாக இழுப்பவர்களுக்கு, அது கிடைக்காதபோது சில மணி நேரத்திலேயே வியர்வையும் எரிச்சலும் தூக்கமின்மையும் தொடங்கிவிடுவதுண்டு. வெறும் சிடுசிடுப்பையோ மதிப்பெண் குறைவதையோ மட்டும் வைத்து எந்த மாணவனையும் குற்றவாளியாக்க வேண்டாம்; அவை அந்த வயதில் நூறு காரணங்களால் வரும்.

கேள்வி: மயங்கி விழுந்தால் உடனே என்ன செய்ய வேண்டும்?
– அதே ஆசிரியை

பதில்: 999 எண்ணை அழையுங்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி மூச்சுக்குழாயில் போகாது. வலிப்பு வந்தால் அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஸ்பைஸின் விளைவை முறிக்கவென்று தனி மருந்து கிடையாது. வலிப்பு, இதயத் துடிப்பு, மூச்சு ஆகியவற்றுக்கே மருத்துவமனையில் சிகிச்சை தருவார்கள். அங்கும் வழக்கமான சிறுநீர்ச் சோதனையில் இது தெரியாமல் போகலாம் என்பதால், ஆம்புலன்ஸில் வருபவரிடம் அந்த வேப்பைக் கையோடு கொடுத்து, எப்போது இழுத்தான், எத்தனை நிமிடத்தில் விழுந்தான் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.