குதிரை மேல உக்காந்து கடிதம் எழுதின கவிஞர்: அப்போலினேர் கேள்வி பதில்

கேள்வி: பிரெஞ்சு மொழிக் கவிஞர் அப்போலினேர் பிரெஞ்சுக்காரரே இல்லைங்கறாங்களே, அப்புறம் எப்படி முதல் உலகப்போர்ல பிரெஞ்சுப் பட்டாளத்துல?

ரோம்ல பொறந்தவர், அம்மா போலந்து வம்சம், பிரெஞ்சுக் குடியுரிமை கெடையாது. 1914 ஆகஸ்ட்ல பாரிஸ்ல மனு குடுத்தும் ஒண்ணும் நடக்கல, அப்புறம் தெற்கு பிரான்ஸ்ல நீஸ் நகரத்துல மறுபடி குடுத்து டிசம்பர்ல நீம் ஊர்ல இருந்த 38வது பீரங்கி ரெஜிமென்ட்ல சேந்துட்டார். வயசு அப்பவே 34ங்க!

கேள்வி: பீரங்கிப் படையில குதிரை எதுக்கு சார்?

இழுக்க வேற யாரு இருக்கா? 75 மில்லிமீட்டர் பீரங்கி ஒண்ணுக்கு ஆறு குதிரை, மூணு ஜோடி. மாட்டுவண்டி மாதிரி மேல உக்காந்து ஓட்டறதில்ல, ஒவ்வொரு ஜோடிலயும் இடதுபக்கக் குதிரை மேல டிரைவர் ஏறிக்கணும், வலதுபக்கத்துது காலியா வரும், அதையும் அவரேதான் பிடிச்சு நடத்தணும். நம்ம ஆளுக்கு ஆரம்பத்துல இந்த வேலைதான், அந்தப் பதவிப் பேரையே ஒரு கவிதைக்குத் தலைப்பா வச்சிருக்கார். 1915 ஏப்ரல்ல ஷாம்பாய்ன் பகுதிப் போர்முனைக்குப் போனப்புறம் குதிரையில செய்தி கொண்டுபோற வேலை.

கேள்வி: கடிதமெல்லாம் காதலிக்கா?

காதலிகளுக்கு 🙂 நீஸ்ல பழகின லூ ஒருத்தங்க, 1915 ஜனவரி 2 ரயில்ல சந்திச்ச மதலேன் இன்னொருத்தங்க, அவங்க அல்ஜீரியாவுல ஓரான்ல டீச்சர். லூவுக்கு மட்டும் 200க்கு மேல எழுதிருக்கார். லாயம், சவாரிப் பயிற்சி, ஏக்கம், நடுவுல திடீர்னு முழுக் கவிதை, எல்லாம் ஒரே உறைக்குள்ள. ஜெர்மன் குண்டோட அலுமினியத்துல மோதிரம் பண்ணி ரெண்டு பேருக்குமே அனுப்பினார், அது கொஞ்சம் ஓவர்தான்.

கேள்வி: போரை எதிர்த்தாரா?

இல்லங்க, போரோட கொடுமைய எழுதின ஆங்கிலக் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் வரிசையில வைக்காதீங்க. இவர் ராத்திரி வானத்துல வெளிச்சக் குண்டு வெடிக்கிறத அழகுன்னு எழுதின ஆள். அது பதுங்குகுழிக்குப் பின்னாடி பீரங்கி பக்கத்துல இருந்த வரைக்கும்தான்னு எனக்குத் தோணுது, 1915 நவம்பர்ல அதிகாரிப் பதவிக்காக 96வது காலாட்படைக்கு மாறினதுக்கப்புறம் மதலேனுக்குப் போன கடிதங்கள்ல சேறும் சாவும்தான், குதிரைக்கால உற்சாகம் போச்சு.

கேள்வி: போர்லதான் செத்தாரா?

1916 மார்ச் 9 குடியுரிமை கெடைச்சுது, 17ஆம் தேதி பதுங்குகுழியில பத்திரிகை படிச்சிட்டிருந்தப்ப தலையில குண்டுச்சில்லு. மண்டையில ஆபரேஷன் பண்ணிப் பொழச்சார். ஆனா ஸ்பானிஷ் ஃப்ளூ விடல, 1918 நவம்பர் 9 செத்துட்டார், போர் நிக்க ரெண்டே நாள் இருந்தப்ப.

கேள்வி: எங்கேருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

லூ கடிதங்கள், நீம் காலத்துலேருந்து. கவிதை மட்டும் போதும்னா 1918ல வந்த ‘காலிகிராம்’ தொகுப்பு.